காலையில் மட்டும் இருமும் கார்

வலது புருவத்தில் பாதி, ஒன்றரை மாதச் சம்பளம், நான்கரை மாதக் காலை நேரங்கள். ஒரு பழைய கார்புரேட்டர் காரைக் குளிரில் ஒழுங்காகக் கிளப்பக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை இது. புருவம் வளர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் திரும்பி வரப்போவதில்லை. தொடக்கத்திலேயே யாராவது என்னைப் பிடித்து நிறுத்தி, "பணத்தை வெளியே எடுக்காதே, முதலில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி உள்ளே பார்" என்று சொல்லியிருந்தால் ஒரு ஸ்குரூடிரைவரோடு பாதி வேலை முடிந்திருக்கும். சொல்வதற்கு ஆள் இல்லை. இதே நிலையில் இப்போது குளிரில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரைத் திருப்பிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவருக்காக நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

கார் 35 வயதைத் தாண்டியது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும் ஒரே ஒரு கார்புரேட்டர், குளிரில் கிளப்பும்போது பெட்ரோலைக் கூட்ட டாஷ்போர்டில் கையால் இழுக்கும் சோக். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. எளிமையான வண்டி, எது வந்தாலும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் அதை வைத்திருந்தேன். வெயில் நாள்களில் ஒரு குறையும் சொன்னதில்லை. குளிர் தொடங்கிய முதல் வாரத்திலேயே வேலையைக் காட்டியது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றும், ஆனால் பத்துப் பன்னிரண்டு நொடி ஆகியும் என்ஜின் பிடிக்காது. நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் திருப்பினால் பிடிக்கும். இரண்டு நொடி ஓடி அணைந்துவிடும். நான்காவது ஐந்தாவது முயற்சியில் ஓடத் தொடங்கினாலும் வண்டி முழுக்க நடுங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் கார்புரேட்டர் வழியாகவே 'டப்' என்று ஓர் இருமல் வரும். ஏழெட்டு நிமிடம் இப்படிப் போராடினால் எல்லாம் அடங்கிவிடும். அதன் பிறகு நாள் முழுவதும் எத்தனை முறை நிறுத்தினாலும் சாவி பட்டதும் கிளம்பும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் நான்கரை மாதமும் அடங்கியிருக்கிறது. குளிர்ந்த என்ஜின் ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கிடைக்கும். இரவு முழுவதும் நின்றால்தான் அது உண்மையில் குளிரும்; ஒரு முறை கிளப்பிவிட்டால் அன்றைய வாய்ப்பு தீர்ந்தது. மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தும்போது என்ஜின் சூடாக, சாதுவாக இருக்கும். அவர் ஒரு முறை சாவியைத் திருப்புவார், உடனே பிடிக்கும். என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் பொய் சொல்வது போல எனக்கே தோன்றும். பிறகு வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று எதையாவது மாற்றிக் கொடுத்து அனுப்புவார். தப்பு அவர் மேல் இல்லை. நோய் இல்லாத நேரத்தில் நோயாளியைக் கொண்டுபோய்க் காட்டியவன் நான். முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, "நாளைக் காலை நான் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் காலை நேரத்தைச் சத்தத்தோடு கைப்பேசியில் வீடியோ எடுத்தாவது காட்டியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

முதலில் பேட்டரி மீது பழி போட்டேன். குளிர் என்றால் பேட்டரிதான் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். புதிது வாங்கினேன். மறுநாள் காலை ஸ்டார்ட்டர் இன்னும் உற்சாகமாகச் சுற்றியது, என்ஜின் அதே போலப் பிடிக்காமல் நின்றது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்திருந்தால் இந்தச் செலவு மிச்சம். இரவு நின்ற 12 வோல்ட் பேட்டரி காலையில் 12.6 காட்டினால் அது நிறைந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே சரியாமல் நின்றால் அதைச் சந்தேகப்படக் காரணம் இல்லை. மீட்டர்கூட வேண்டாம், காது போதும். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுவது ஒரு நோய். நன்றாகச் சுற்றியும் பிடிக்காமலிருப்பது வேறு நோய். பிடித்த பிறகு அணைவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டு "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சொல்லும்வரை யாராலும் உதவ முடியாது. எனக்கு இருந்தவை இரண்டாவதும் மூன்றாவதும். முதலாவதற்கு மருந்து வாங்கினேன்.

அடுத்து தீப்பொறி தரும் பாகங்களான பிளக், பிளக் வயர், காயில் என்று வரிசையாக மாற்றினேன். பழைய பிளக்குகளைக் கழற்றியபோது அவற்றின் முனை வெளுத்துப்போயிருந்தது. எரிபொருள் போதாமல் காற்று மிகுந்து எரிகிறது என்று அந்தப் பிளக்குகள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. நான் அதைப் படிக்காமல் குப்பையில் போட்டேன். நினைவில் வைக்கச் சுலபம்: நல்ல பிளக் இளம்பழுப்பாக இருக்கும், கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் எரியவில்லை. அந்த வாரம் பார்த்த மெக்கானிக் ஒருவர் சூடான என்ஜினில், பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்குரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டு, "இனிக் காலையில் சரியாக இருக்கும்" என்றார். காலையில் எதுவும் மாறவில்லை. பகலில் மட்டும் பெட்ரோல் வாடை வீச ஆரம்பித்தது, புதிய பிளக்குகள் இரண்டே வாரத்தில் கறுத்தன. அதைப் பார்த்த அடுத்த மெக்கானிக் எனக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று நேர் எதிர்த் திசையில் தேட ஆரம்பித்தார். ஒரு குறையை மறைக்க இன்னொன்றைத் திருகி வைத்தால் அடுத்து வருபவருக்கு நாமே பொய்ச் சாட்சி தயாரித்துக் கொடுக்கிறோம்.

மூன்றாவது மாதம் கார்புரேட்டரைக் கழற்றி முழுமையாகப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். அதுவரை செய்த செலவுகளில் இதுதான் பெரியது. வண்டி மூன்று நாள் கழித்துப் பளபளக்கும் கார்புரேட்டரோடு வந்தது, மறுநாள் காலை முன்பைவிட மோசமாகக் கிளம்பியது. நடுக்கம் கூடியிருந்தது. ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தொட்டாலே அணைந்தது. கேட்டபோது, "புது கேஸ்கெட், செட்டாக நாள் ஆகும்" என்று பதில் வந்தது. கேஸ்கெட் என்பது இணைப்பில் கசிவைத் தடுக்க நடுவே வைக்கும் மெல்லிய தகடு; அது செட்டாக நாள் ஆவதில்லை. இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

புருவக் கதை அந்த வாரத்தில் நடந்தது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, ஆத்திரம் வேறு. ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மூடி அளவு பெட்ரோலைக் கார்புரேட்டரின் வாயில் ஊற்றினேன். வீட்டிலிருந்த ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜின் வழக்கம் போல இருமியது. இந்த முறை இருமலோடு ஒரு முழ உயரத்துக்குத் தீ வந்தது. முடி கருகும் நாற்றத்தை முதலில் உணர்ந்தேன், வலி பிறகுதான் தெரிந்தது. தீ தானாகவே அடங்கியது என் அதிர்ஷ்டம். பக்கத்தில் பெட்ரோல் பாட்டில் திறந்தபடி இருந்தது. அன்று மாலைதான் தீயணைப்பானை வாங்கிக் காரில் வைத்தேன். ஏர் ஃபில்டர் தூசியைத் தடுப்பது மட்டுமல்ல, இப்படித் திரும்பி வரும் தீப்பொறிக்கும் ஓரளவு அரண். அதைக் கழற்றிய நிலையில் யாராவது ஸ்டார்ட்டரைச் சுற்றினால் உங்கள் முகம் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. பெட்ரோலைக் கையால் ஊற்றவே கூடாது.

தீக்குப் பிறகு ஒரு வாரம் காரைத் தொடவில்லை. பயம் பாதி, அவமானம் பாதி. அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தேன்: இனி ஒரு மாதத்துக்கு எதையும் வாங்கப்போவதில்லை, பார்க்க மட்டும் போகிறேன். ஒரு நோட்டை எடுத்துக் காலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். எவ்வளவு குளிர், எத்தனை மணி நேரம் நின்றது, பிடிக்க எத்தனை நொடி, எத்தனை முறை அணைந்தது, புகையின் நிறம், மழையா இல்லையா. ஒரு காலைக்கு ஒரே ஒரு மாற்றம் என்பது விதி. பத்து நாளில் அந்த நோட்டு சொன்னது மூன்று மாதத்தில் யாரும் சொல்லாதது. ஒரு நாள் ஓட்டாமல் விட்டால் பிடிக்க ஆகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் பிடித்த பிறகான நடுக்கம் எப்போதும் ஒரே அளவில் இருந்தது. ஆக, பிடிக்காததும் நடுங்குவதும் ஒரே கோளாறு இல்லை. மழை நாளுக்கும் காய்ந்த நாளுக்கும் வித்தியாசமே இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் விரிசலோ வயரில் ஈரமோ இருந்திருந்தால் மழை நாளில் காட்டிக்கொடுத்திருக்கும். விடியும் முன் இருட்டில் பானட்டைத் திறந்து ஓடும் என்ஜினைப் பார்த்தேன். மின்சாரம் வெளியே கசிந்தால் தெரியும் நீலப் பொறி எங்கும் தாவவில்லை. தீப்பொறிப் பக்கம் நான் செலவழித்தது முழுவதும் வீண் என்று அன்று உறுதியானது. கறுப்புப் புகையும் ஒரு நாள்கூட வரவில்லை. முழு சோக்கில் கிளம்பும் வண்டி கொஞ்சமாவது கறுத்துப் புகைய வேண்டாமா?

இங்கே கொஞ்சம் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் நான் இருட்டில் துழாவினேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது இந்தக் கணக்கு சரி. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை; உள்ளிழுக்கும் குழாயின் சுவரிலேயே துளித்துளியாகப் படிந்துவிடுகிறது. எரிவது ஆவி மட்டும்தான், துளி எரியாது. எனவே சிலிண்டருக்குள் போதுமான ஆவி போக வேண்டுமானால் பல மடங்கு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். அதற்குத்தான் சோக். கார்புரேட்டரின் வாயை ஒரு தகடு அடைத்துக்கொள்கிறது, என்ஜின் காற்றை இழுக்க முடியாமல் ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலை இழுக்கிறது. கார்புரேட்டர் வழியாக இருமுவது பெரும்பாலும் பெட்ரோல் போதாத குளிர் என்ஜினின் அடையாளம். வெளுத்த பிளக், இருமல், கறுக்காத புகை என மூன்று சாட்சிகளும் தொடக்கத்திலிருந்தே ஒரே பக்கம் கையைக் காட்டிக்கொண்டிருந்தன.

எனவே ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, என்ஜினைக் கிளப்பாமல், சோக் குமிழை முழுவதும் இழுத்து வைத்துவிட்டு வந்து உள்ளே பார்த்தேன். தகடு முழுவதும் மூட வேண்டும். என்னுடையது பாதிக்குக் கொஞ்சம் மேலே மூடி, ஒரு விரல் நுழையும் இடைவெளியோடு நின்றது. டாஷ்போர்டில் குமிழ் முழுதாக வெளியே வந்திருந்தது, கார்புரேட்டருக்கு அந்தச் செய்தி முழுதாகப் போய்ச்சேரவில்லை. கம்பியின் வெளியுறையைப் பிடித்திருக்கும் சின்னக் கவ்வி தளர்ந்து, உள்கம்பியோடு உறையும் சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. உறையைச் சரியான இடத்தில் வைத்து ஒரு ஸ்குரூவை முடுக்கினேன். பத்து நிமிடம். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியவர் அதே கவ்வியை அதே இடத்தில் அப்படியே மாட்டியிருக்கிறார். நீங்கள் சரிபார்க்கும்போது இரண்டு முனையையும் பாருங்கள்: இழுத்தால் தகடு முழுதாக மூட வேண்டும், தள்ளினால் முழுதாக நிமிர வேண்டும். தள்ளிய நிலையில் கம்பியில் மயிரிழை தளர்வும் வேண்டும். இல்லாவிட்டால் சோக் எப்போதும் கொஞ்சம் போட்டபடியே ஓடி, பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். சோக்கை இழுக்கும்போது த்ராட்டிலும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) சிறிது திறந்து, ஐடில் வேகம், அதாவது மிதிக்காமல் ஓடும் வேகம், கூட வேண்டும், அந்த இணைப்பும் வேலை செய்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். கையால் இழுக்கும் சோக் இல்லாமல் தானியங்கிச் சோக் இருந்தால் குளிரில் தகடு தானாகவே மூடியிருக்க வேண்டும், சூடேறச் சூடேற நிமிர வேண்டும். அதை இயக்குவது வெப்பத்தில் விரியும் இரட்டை உலோகச் சுருள். அது பிசுக்கேறி ஒட்டிக்கொண்டாலோ, அதைச் சூடாக்கும் மின்சாரமோ வெந்நீரோ வராமல் போனாலோ கதை இதேதான்.

மறுநாள் காலை என்ஜின் பிடித்ததும் அணைவது நின்றது. இருமல் பாதியானது. ஆனால் பிடிக்க நேரம் ஆனது, சோக்கைத் தள்ளத் தொடங்கினால் நடுக்கம் திரும்பியது, ஆக்சிலரேட்டரைத் தொட்டால் தடுமாறியது. சரி, அடுத்த சோதனை. என்ஜின் நின்ற நிலையில் த்ராட்டில் நெம்பைக் கையால் சட்டென்று திறந்தால் கார்புரேட்டருக்குள் ஒரு மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்சியடிக்க வேண்டும். அது ஆக்சிலரேட்டர் பம்பின் வேலை. மாலையில் ஓட்டிவிட்டு வந்து, என்ஜின் கொஞ்சம் ஆறிய பிறகு பார்த்தேன். பீய்ச்சவில்லை, இரண்டு சொட்டு வடிந்தது. காலையில் கிளப்பும் முன் பார்த்தேன். அந்த இரண்டு சொட்டும் இல்லை. ஒரே சோதனை, இரண்டு வேளை, இரண்டு வேறு பதில். மாலையில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணம் நிறைந்திருக்கும்போதே பீய்ச்சவில்லை என்றால் பம்பில் கோளாறு. மாலையில் வந்த சொட்டும் காலையில் வரவில்லை என்றால் இரவுக்குள் கிண்ணம் காலியாகியிருக்கிறது. எனக்கு இரண்டுமே இருந்தன. பம்பைத் திறந்து பார்த்தபோது பெட்ரோல் கிண்ணத்துக்கே திரும்பிப் போகாமல் தடுக்கும் சின்னஞ்சிறு எஃகுக் குண்டு அதன் குழியில் இல்லை. சுத்தம் செய்தபோது உருண்டு எங்கோ போயிருக்கிறது, யாரும் தேடவில்லை. கார்புரேட்டரைப் பிரிக்கக் கொடுப்பவர்கள் கழற்றும்போது ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அல்லது கூடவே நில்லுங்கள்.

நடுக்கத்துக்கு வருகிறேன். சோக் தள்ளியதும் நடுங்குகிறது, சூடேறியதும் போய்விடுகிறது என்றால் எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். குளிரில் உலோகம் சுருங்கி இடைவெளி திறக்கும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். இதனால்தான் சூடான என்ஜினில் தேடினால் எதுவும் அகப்படாது. என்ஜின் காற்றை உறிஞ்சும் வலிமையை அளக்கும் வேக்குவம் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். நல்ல என்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும், முள் அசையாமல் நிற்கும். உயரமான இடங்களில் கொஞ்சம் குறையும். என் வண்டி சூடாக இருக்கும்போது 18 காட்டியது. குளிரில் சோக்கைத் தள்ளியவுடன் 13-க்கு இறங்கி முள் நடுங்கியது. இடத்தைக் கண்டுபிடிக்கக் காலைக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். பலர் எரியக்கூடிய சுத்திகரிப்பு ஸ்ப்ரேயை இணைப்புகளின் மேல் அடித்து, என்ஜின் வேகம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பாதிப் புருவத்தோடு இருந்த எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பி, மெல்லிய தாரையாக ஒவ்வோர் இணைப்பாக அடித்தேன், பிளக் வயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் விட்டுவிட்டு. முதல் காலை ரப்பர் குழாய்கள், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய், ஒன்றும் இல்லை. இரண்டாம் காலை மேனிஃபோல்ட் (உள்ளிழுக்கும் குழாய்) கேஸ்கெட், ஒன்றும் இல்லை. மூன்றாம் காலை கார்புரேட்டரின் அடிப்பக்கம் தண்ணீர் பட்டதும் 'சுர்ர்' என்று உறிஞ்சும் ஒலி கேட்டது, நடுக்கம் இரண்டு நொடி நின்று மீண்டும் வந்தது. அந்த இரண்டு நொடி நிசப்தம் போல ஓர் இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை.

கழற்றிப் பார்த்தபோது கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் வெப்பத்தடுப்புத் தட்டு வளைந்திருந்தது. எஃகு அளவுகோலை அதன் மேல் நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒளிக்கீற்று தெரிந்தது. கார்புரேட்டரின் அடி விளிம்பும் நட்டு பூட்டும் காதுப் பக்கங்களில் சற்றே கீழ்நோக்கி மடிந்திருந்தது. காற்று கசியக் கூடாது என்று நட்டுகளை மிதமிஞ்சி முறுக்கினால் இதுதான் நடக்கும்; எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு வளையும், அவ்வளவு கசியும். தட்டையான கண்ணாடியின் மேல் நுண்ணிய உப்புத்தாளை விரித்து, அடி விளிம்பை எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாக்கினேன். தட்டையும் இரண்டு கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டு, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். இங்கே ஒரு கசப்பான கணக்கு. சோக் கம்பியும் காலியாகும் கிண்ணமும் காலத்தால் வந்த கோளாறுகள். தொலைந்த குண்டு, வளைந்த தட்டு, திருகிவிட்ட மிக்ஸர் ஸ்குரூ ஆகிய மூன்றும் நான் காசு கொடுத்து வாங்கியவை.

காலியாகும் கிண்ணத்தில் இரண்டு விஷயம் கலந்திருந்தது. என்ஜினை நிறுத்தியதும் அதன் சூடு மேலே ஏறிக் கார்புரேட்டரைத் தாக்கும், கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். இது எல்லா வண்டிக்கும் உள்ளது. அப்படிக் குறைந்தாலும் குழாயில் பெட்ரோல் நின்றால் என்ஜின் சுற்றிய சில நொடிகளில், தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் கிண்ணத்தை நிரப்பிவிடும். எனக்குக் குழாயே காலியாக இருந்தது. கண்ணாடி போன்ற பெட்ரோல் ஃபில்டர் ஒன்றை அந்தப் பம்புக்கு முன்னால் போட்டு மாலையில் ஒரு முறை, காலையில் ஒரு முறை பார்த்தேன். மாலையில் பாதிக்கு மேல் நின்ற பெட்ரோல் காலையில் அடியோடு இல்லை. தொட்டிப் பக்கம் இருந்த பழைய ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க நூல் நூலாக வெடிப்பு. அதன் வழியாகக் காற்று நுழைந்து, பெட்ரோல் தொட்டிக்கே வடிந்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை அரிக்கும், எனவே அதைத் தாங்கும் என்று அச்சிட்ட குழாயாகப் பார்த்து முழு நீளமும் மாற்றினேன். குழாயை மாற்றியும் வடிந்தால் பம்புக்குள் இருக்கும் வால்வைச் சந்தேகிக்கலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. எத்தனாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது எரியக் குறைந்த காற்றே போதும், 9 பங்குதான். அதனால் தூய பெட்ரோலுக்கு அளவு செய்த ஜெட்டில் கலவைப் பெட்ரோல் ஓடினால் எரிபொருள் சற்றுக் குறைவாகவே போகும். கூடுதல் பெட்ரோல் கேட்கும் குளிர் என்ஜினுக்கு அந்தச் சிறு குறையும் வலிக்கும்.

தீப்பொறிப் பக்கம் எனக்குக் கோளாறு இல்லை என்பதால் எல்லோருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள்) வைத்த வண்டியானால் அவற்றின் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடால் அளந்துவிடுங்கள். பல வண்டிகளில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை என்ஜின் ஓடி, சாவியை விட்ட அந்த நொடியே அணைந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். காயிலுக்குப் போகும் மின்தடை அறுந்திருக்கலாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போவதால்தான் இந்த விளையாட்டு. அதே போல, சோக் இல்லாமல் ஐடிலில் நிற்கவே மாட்டேன் என்று சூட்டிலும் அடம்பிடித்தால் ஐடில் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம், அல்லது அந்த வழியைத் திறக்கும் சின்ன மின்காந்த வால்வுக்கு வயர் கழன்றிருக்கலாம்.

ஏர் ஃபில்டர் மூக்கிலிருந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் போக வேண்டிய மடிப்புக் குழாய் ஒன்று என் வண்டியில் காணாமல் போயிருந்தது. அது எதற்கு என்றே தெரியாமல் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். குளிர் நாளில் சூடான காற்றை உள்ளே அனுப்ப அது. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் இறங்கக்கூடும். அதனால் வெளியே 5, 10 டிகிரி இருந்தாலும் காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனிக்கட்டி படியும். கிளம்பி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் வண்டி திணறி நின்று, ஓரமாகப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறதா? இந்தக் குழாயைப் பாருங்கள்.

நான்கு மாதம் தேவைக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்றியும் சோக்கை நீண்ட நேரம் இழுத்து வைத்தும் ஓட்டியதில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்திருந்தது. அளவுக் கம்பியை முகர்ந்தாலே தெரிந்தது. எண்ணெயை மாற்றினேன், ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிராத எண்ணெய். இப்போது பிடித்த அரை நிமிடத்தில் சோக்கைத் தள்ளத் தொடங்குகிறேன், நின்றபடி சூடேற்றாமல் மெதுவாக ஓட்டியே சூடேற்றுகிறேன். ஸ்டார்ட்டரைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து சுற்றுவதில்லை; இடையில் அரை நிமிடமாவது அதற்கு ஓய்வு கொடுக்கிறேன். பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிட்டால் சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி சுற்றினால் உள்ளே இருப்பது காய்ந்து பிடித்துக்கொள்ளும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் விழும். இந்தச் சோதனைகள் எதையும் மூடிய கொட்டகைக்குள் செய்ய வேண்டாம். சோக்கில் ஓடும் என்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஒரு காலை கதவைத் திறக்கச் சோம்பல்பட்டுத் தலைவலியோடு தப்பியவன் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு, என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையில், மிக்ஸர் ஸ்குரூவை வேக்குவம் முள் உச்சம் தொடும் இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். மறுநாள் காலை நோட்டில் எழுதியது: "மூன்று நொடி. அணையவில்லை. லேசான கறுப்புப் புகை." இரண்டு நாள் நின்றால் இன்னும் ஆறேழு நொடி கேட்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. சோக் குமிழின் பிடிப்புத் தேய்ந்துவிட்டதால் வண்டி அதிரும்போது அது தானாகவே உள்ளே நழுவுகிறது. அதற்கு டாஷ்போர்டுக்கும் குமிழுக்கும் நடுவே, கொடியிலிருந்து எடுத்த துணி கிளிப் ஒன்றைக் கவ்வ வைத்திருக்கிறேன். கிளிப்பைக் கழற்ற மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிவப்பு நிறக் கிளிப்.